ஒரு மணிக்கே திரும்பிட்டோம்

அத்தியாயம் 9

போன வாரம் படித்தவர்களுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும், தப்பில்லை. படிக்காதவர்களுக்காக நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் கால்வின், தன் இரண்டு பையன்களோடு பிக்கரிங் மலையிலிருந்து இருட்டுகிற நேரத்தில் இறங்கி வந்தான். கையில் விளக்கு இல்லை. மலையடிவாரத்துப் பெட்டியில் இருக்கும் பதிவு நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகவும் இல்லை. அன்றைக்கு மலைமீட்புத் தொண்டர்களில் கீழே காவல் முறை என்னுடையது. இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் பாஸ்டனிலிருந்து வந்திருந்த கூட்டம் கார்களைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் நடுவில் வைத்து அவனைக் கேட்டேன்.

"பிள்ளை பெத்தா மட்டும் போதாது மச்சான். கொஞ்சம் மூளையும் இருக்கணும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பெயர் எழுதாமல் போகிறவனைத் தேடி மற்றவர்கள் ஏன் உயிரை விட வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேசினேன். அவனுடைய சின்னப் பையன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் பேசினேன்.

கால்வின் பையன்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் தங்கை, அதாவது என் மனைவி மார்னி, மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். சமாதானம் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எங்கள் தொண்டர் கூட்டத்துக்கு கால்வின் வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, தானும் சேர்ந்துகொள்கிறேன், வருகிற ஞாயிறு காவல் முறையைத் தனக்கே கொடுங்கள் என்று கேட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே. திருந்திவிட்டான், நம்மால்தான் திருந்தினான் என்று நினைப்பு எனக்கு.

அந்த வருகிற ஞாயிறுதான் இன்றைக்கு.

*

எங்கள் ஊரைச் சுற்றி ஐந்து மலைகள். பனி விழுவதற்குள் ஐந்தையும் ஏறி முடிக்கிற பிள்ளைகளுக்கு, அக்டோபர் மாதத்து ஊர் விருந்தில் சட்டையில் தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம் கொடுப்போம். ஒவ்வொரு உச்சியிலும் பாறையோடு சேர்த்துக் கட்டிய தகரப் பெட்டியில் ஒரு நோட்டு இருக்கும். ஏறி வந்த பிள்ளை தன் கையாலேயே பெயர், வயது, வந்து சேர்ந்த நேரம் மூன்றையும் எழுத வேண்டும். விருந்துக்கு முந்தின நாள் யாராவது போய் நோட்டுகளை இறக்கிக்கொண்டு வருவார்கள். பந்தியில் எல்லோர் முன்னாலும் அதை வாசிப்பார்கள். பத்து வருடமாகச் சின்னத்தை எடுத்துக் கொடுப்பது நான்.

என் மகள் ஹேசலுக்கு ஏழு வயது. நாலு மலை முடித்துவிட்டாள். பாக்கி இருப்பது பிக்கரிங். விருந்து வருகிற சனிக்கிழமை. ஆக, இன்றைக்கு விட்டால் அடுத்த வருடம்தான்.

மார்னி வேலை பார்க்கும் அப்பக்கடையில் இலைக் காலத்து ஞாயிறு என்றால் மூச்சு விட நேரம் இருக்காது. விடியும்போதே கிளம்பிவிட்டாள். ஹேசலும் அவள் தம்பி ஓடிஸும் என் பொறுப்பு. வாசலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள்.

"ஒரு மணின்னா ஒரு மணி, வெஸ். நீ போட்ட சட்டம். நான் போட்டது இல்ல."

சட்டம் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மலைக்குப் போகிறவர்களுக்கு நான் எழுதிய பத்து வரி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் அதன் நகல் உண்டு. ஆறாவது வரி இப்படி: எங்கே இருந்தாலும் மணி ஒன்று அடித்தால் திரும்பு. உச்சி பத்தடி தூரத்தில் இருந்தாலும் திரும்பு. 'பத்தடி'யின் கீழே இரண்டு கோடு போட்டிருப்பேன்.

மலையடிவாரத்தில் ஒன்பதரைக்குப் பெட்டியைத் திறந்தேன். கால்வின் கொஞ்சம் தள்ளிக் காவலுக்கு நின்றுகொண்டிருந்தான். ஹேசல் பார்க்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். மூன்று பேர். பிக்கரிங். திரும்பும் நேரம் ஒரு மணி. கீழே வந்து சேரும் நேரம் மூன்று. பேனாவை மூடிவிட்டு, "பார்த்தியா, இதுக்கு அரை நிமிஷம்தான் ஆச்சு" என்றேன். யாருக்காக அதைச் சொன்னேன் என்று ஹேசலுக்கும் தெரியும். அவள் தலையைக் குனிந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒம்பது முப்பத்தி நாலு" என்றாள்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் பிறந்தநாளுக்கு கால்வின் வாங்கிக் கொடுத்தது. முள் வைத்த, சாவி கொடுக்கிற கடிகாரம். மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்த்தி வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். நான் ஒரு நாள் முயன்று பார்த்துக் கத்தி, அவள் அழுது, விட்டுவிட்ட வேலை அது. இப்போது வகுப்பிலேயே முள் பார்த்து மணி சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

*

ஏறும்போது வழி நன்றாகத்தான் இருந்தது. கீழே மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. பாதி மலைக்கு மேல் இலையெல்லாம் ஏற்கெனவே கொட்டி, கணுக்கால் வரை மூடிக் கிடந்தது. நாலு வயது ஓடிஸ் அதைக் காலால் வாரி அடித்துக்கொண்டே வந்ததில் ஒரு மைல் நடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு என் தோளில் ஏறிக்கொண்டான். காலையில் பூசணிக்காய்ப் படம் போட்ட பருத்திச் சட்டையைத்தான் போடுவேன் என்று அழுதான். மலைக்குப் பருத்தி ஆகாது, நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மூன்றாவது வரி. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

பாதி வழிப் பாறையில் உட்கார்ந்து கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி சாப்பிட்டோம். ஹேசல் மணி சொல்லிக்கொண்டே வந்தாள். பதினொன்றேகால். பன்னிரண்டு அஞ்சு. பன்னிரண்டு நாற்பது. மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. வடக்கே மட்டும் ஒரு மேகம் அழுக்காக நின்றது.

"அப்பா, மணி ஒண்ணு."

நான் ஓடிஸை ஒரு பாறை மேல் தூக்கி விட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தால் உச்சியின் மொட்டைப் பாறை தெரிந்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்று அடித்து இரண்டு நிமிடம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கால்வின் பையன்கள் போன ஞாயிறு ஏறியதும் இதே பிக்கரிங்தான். அவர்களுக்கு ஐந்தும் முடிந்துவிட்டது. சனிக்கிழமை விருந்தில் நான் சின்னம் கொடுக்கும்போது அவர்கள் இருவரும் வரிசையில் நிற்பார்கள். என் மகள் நிற்க மாட்டாள். ஏறிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் என் மண்டைக்குள் ஓடியது இதுதான். ஹேசல் ஆசைப்பட்டாள், அவளுக்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். அவள் ஏற்கெனவே பையைத் திருப்பி மாட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றாள்.

"உன் கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடுது, கண்ணு. இன்னும் நேரம் இருக்கு" என்றேன்.

அவள் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"மாமா சரியாத்தானே வெச்சுக் கொடுத்தாரு."

"மாமா வெச்சதுதானே. அப்படித்தான் இருக்கும்."

அதைச் சொன்னபோது சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஹேசல் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தாள். பிறகு என் பின்னால் நடந்து வந்தாள். அதற்கப்புறம் உச்சி வரை அவள் மணி சொல்லவே இல்லை.

பத்து நிமிடம் என்று நினைத்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிட்டது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. தகரப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் முழங்காலில் வைத்துப் பெயரை எழுதினாள், வயதை எழுதினாள், பென்சிலோடு நிறுத்தினாள்.

"கடிகாரம் வேகமா ஓடுதுன்னா கழிச்சு எழுதணுமாப்பா?"

"வேண்டாம். காட்டறதை எழுது."

இரண்டு பத்து என்று எழுதினாள். எழுதிவிட்டு இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்தாள். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். நானும் ஒரு போட்டோ எடுத்தேன். போட்டோவில் அவளுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பள்ளத்தாக்கு இல்லை. மேகம் வந்துவிட்டிருந்தது.

*

மழையும் இல்லாத பனியும் இல்லாத ஒன்று விழ ஆரம்பித்தது. முகத்தில் குத்தியது. ஓடிஸைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக இறங்கினேன். இந்த மலையைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கண்ணைக் கட்டாமலேயே தவறவிட்டேன்.

இலை உதிர்ந்த பிறகு இங்கே பாதை என்று தனியாக ஒன்று இருக்காது. காடு முழுக்க ஒரே விரிப்பு. மரங்களில் நீலப் பெயின்ட் அடித்த அடையாளத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். நான் காலடியைப் பார்த்து இறங்கினேன். ஏதோ ஒரு பாறையில் இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நேராகப் போய்விட்டேன். நீல அடையாளம் பார்த்து வெகு நேரமாயிற்று என்பது உறைத்தபோது ஒரு ஓடைக்குள் நின்றுகொண்டிருந்தோம். மேலே ஏறிப் பார்த்தேன், வலது பக்கம் போய்ப் பார்த்தேன். எல்லா மரமும் ஒரே மாதிரி நின்றன. பையில் இருந்த விளக்கை அழுத்தினேன். எரியவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் அதை எரியவிட்டுப் போர்வைக்குள் கூடாரம் கட்டி விளையாடியது ஞாபகம் வந்தது. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

"அப்பா, நாலாவது வரி" என்றாள் ஹேசல்.

வழி தவறினால் நின்ற இடத்தில் நில். மூன்று முறை விசில் ஊது. அவள் கழுத்தில் ஆரஞ்சு நிற விசில் தொங்கியது. நான்தான் மாட்டிவிட்டேன்.

"இப்ப வேண்டாம். சும்மா ஊதி எல்லாரையும் பயமுறுத்தக் கூடாது. வழி இங்கதான் எங்கேயோ இருக்கு."

வழி இங்கேதான் இருந்தது, அது உண்மை. ஆனால் நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை. கீழே இன்றைக்குக் காவல் கால்வின். விசில் ஊதினால் அவன்தான் வருவான்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் நனைந்து நிற்கிறார்கள். காப்பாற்றுகிற பொருள் மகளின் கழுத்தில் தொங்குகிறது. நான் அதை ஊத விடவில்லை, மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று. அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் அலைந்தேன்.

ஓடிஸ் முதலில் குளிரில் அழுதான். பல் தந்தியடித்தது. என் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் மேல் சுற்றினேன். உள்ளே பருத்திச் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. பிறகு நடுக்கமும் நின்றது.

"தூக்கம் வருதுப்பா" என்றான்.

நடுக்கம் நின்றால் உடம்பு குளிரோடு போராடுவதை விட்டுவிட்டது என்று அர்த்தம், அதை வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவன் நான். அவன் கன்னத்தைத் தட்டினேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பாட்டுப் பாடச் சொன்னேன்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. ஹேசல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஊதிக்கொண்டிருந்தாள். மூன்று முறை, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று முறை. என்னிடம் கேட்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கீழேயிருந்து ஒரு நீண்ட விசில் பதில் வந்தது. வெகு தூரத்தில் இல்லை. அவன் ஏற்கெனவே ஏறி வந்துகொண்டிருந்தான்.

*

காவல் முறைக்காரன் நோட்டையும் நிறுத்தியிருக்கிற கார்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மணி என்று எழுதியவனுடைய கார் மூன்றரை வரை நின்றால் ஏற ஆரம்பிக்க வேண்டும். நான் வகுத்த முறை. கால்வின் அதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தான்.

ஆரஞ்சு மேல்சட்டையோடு மரங்களுக்கு நடுவே வந்தவன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். நேராக ஓடிஸிடம் மண்டியிட்டான். ஈரச் சட்டையைக் கழற்றி எறிந்தான். தன் கம்பளிச் சட்டைக்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து நுழைத்து, மேலே ஜாக்கெட்டை இழுத்து மூடினான். ஓடிஸின் தலை மட்டும் அவன் தாடைக்குக் கீழே தெரிந்தது. ஹேசலுக்கு ஒரு கம்பளித் தொப்பியும், வாயில் போட்டுக்கொள்ள மேப்பிள் மிட்டாயும் கொடுத்தான். விசிலை நன்றாக ஊதினாய் என்றான். ரேடியோவில் கீழே தகவல் சொன்னான். கடைசியாகப் பையிலிருந்து ஒரு விளக்கை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இந்தா மாப்ள. இதைப் பிடிச்சுக்கோ."

புத்தம் புது விளக்கு. கடைச் சீட்டுகூட இன்னும் உரிக்கவில்லை. போன ஞாயிற்றுக்குப் பிறகு வாங்கியிருக்கிறான்.

இறங்குகிற வழி முழுக்க ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். மூளை இருக்கணும் மாப்ள என்றோ, அரை நிமிஷம் ஆச்சா என்றோ, ஏதாவது ஒன்று. சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கணக்கு நேராகியிருக்கும். அவன் ஓடிஸின் காதில் ஏதோ நாய்க்குட்டிக் கதை சொல்லிக்கொண்டே நடந்தான். பாதி வழியில் ஓடிஸ் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். அதை உணர்ந்த பிறகுதான் கால்வின் முகத்தில் முதல் முறையாகத் தெம்பு வந்தது.

"நடுங்குடா தங்கம். நல்லா நடுங்கு" என்றான்.

*

கீழே பெர்னிஸ் காத்திருந்தாள். எங்கள் தொண்டர்களுக்குத் தலைவி. முப்பது வருடம் ஊருக்குத் தபால் கொண்டு வந்து கொடுத்தவள். அறுபத்தெட்டு வயதிலும் எங்களுக்கு முன்னால் ஏறுவாள். தன் வண்டியில் ஹீட்டரை முழுவதும் திறந்து வைத்து, ஓடிஸைப் போர்வையில் சுற்றி உட்கார்த்தி, காய்ச்சிய ஆப்பிள் சாறைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் டோனட் கேட்டான். இரண்டாவதும் கேட்டான். வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

சுற்றிலும் இருபது முப்பது பேர். போன ஞாயிறு மாதிரியே கேமராவும் குட்டி நாயுமாக வந்த வெளியூர்க் கூட்டம். அதே இடம். யாரோ போர்வை வேண்டுமா என்று கேட்டார்கள். என்ன ஆனது என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

யாரை மலையிலிருந்து இறக்கினாலும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். பெர்னிஸ் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தாள். பெயர், ஆட்கள், எந்த வழி. அதெல்லாம் அவளே எழுதிக்கொண்டாள். பிறகு தலை நிமிர்ந்தாள். தாளில் நடுவில் இருக்கிற கேள்வி, கட்டாயம் கேட்டாக வேண்டியது. அதையும் அங்கே சேர்க்கச் சொன்னது நான்தான்.

"எத்தனை மணிக்குப்பா திரும்பினீங்க?"

எனக்கு இடது பக்கம் ஹேசல் நின்றாள். எதிரே கால்வின், ஓடிஸின் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தான். கூட்டத்தில் ஒரு சின்னப் பையன் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான்.

"ஒரு மணிக்கே திரும்பிட்டோம். இறங்கும்போதுதான், இலை மூடிட்டதால வழி விட்டுப்போச்சு" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா. யோசிக்கவே இல்லை.

பெர்னிஸ் எழுதினாள். எழுதிக்கொண்டே சொன்னாள், "மத்தவங்கன்னா ரெண்டு தடவை கேப்பேன். நீ ஒரு மணின்னு சொன்னா ஒரு மணிதான், வெஸ்லி." என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். இலை மூடிய காலத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று கூட்டத்தைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொன்னாள். எனக்காகப் பரிந்து பேசினாள், பாவம்.

கால்வின் பிழிந்த காலுறையை உதறினான். ஹேசலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பெர்னிஸ் போகும்போது நினைவூட்டினாள். வெள்ளிக்கிழமை பிக்கரிங் நோட்டை இறக்குவது கால்வின் முறை, மறந்துவிட வேண்டாம். சனிக்கிழமை முதலில் வாசிப்பது அதுதானாம். மறக்க மாட்டேன் என்றான் அவன்.

*

பிள்ளைகளைக் காரில் பின்னால் உட்கார்த்திப் பட்டை மாட்டினேன். ஓடிஸ் கால்வினின் கம்பளிச் சட்டைக்குள்ளேயே தூங்கிப்போனான். இது நல்ல தூக்கம், பெர்னிஸ் பார்த்துச் சொல்லிவிட்டாள். சாவியைத் திருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மார்னியிடம் என்ன சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு மணிதான் பதில். பெர்னிஸிடம் சொன்னதை மாற்ற முடியாதே.

"அப்பா."

கண்ணாடியில் பார்த்தேன். ஹேசல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல நோட்டுல ரெண்டு பத்துன்னு எழுதிட்டேன்."

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. தகரப் பெட்டிக்குள், பென்சிலில், அவள் கையெழுத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கால்வின் எடுப்பான். சனிக்கிழமை ஊரே கேட்கும்.

"பரவாயில்லப்பா" என்றாள். மெதுவாக, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். "எனக்கு மணி பார்க்கத் தெரியாதுன்னு சொல்லிடறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே காரை அணைத்துவிட்டு இறங்கிப் போய் பெர்னிஸ் வண்டியை மறித்திருக்க வேண்டும். நான் பேசாமல் இருந்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்று இருந்தது எனக்கு. என் ஏழு வயதுப் பெண்ணின் மேல் சாய்ந்துகொண்டு அப்பாடா என்று நினைத்தேன்.

பின் கதவுக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். கால்வின். ஓடிஸின் காலுறைகளை நீட்டிக்கொண்டிருந்தான். ஹேசல் கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டாள்.

"மாமா."

"சொல்லும்மா."

"எனக்கு மணி பார்க்கத் தெரியாது."

கால்வின் அசையவில்லை. கதவில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை தன் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக் கொடுத்தவன். அவளையே பார்த்தான். பிறகு குனிந்து, அந்த மேஜையில் கேட்டது போலவே சாதாரணமாகக் கேட்டான்.

"இப்ப மணி என்னம்மா?"

ஹேசலின் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. முள்ளைப் பார்த்தாள். உதடு அசைந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு ஜாக்கெட் கையை இழுத்துக் கடிகாரத்தின் மேல் மூடிக்கொண்டாள்.

"தெரியல, மாமா" என்றாள்.

கால்வின் நிமிர்ந்தான். என் பக்கத்துக் கதவுக்கு நடந்து வந்து நின்றான். நான் கண்ணாடியை இறக்கினேன். இத்தனை வருடத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபமாகக்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு நோட்டை எடுக்கப் போறேன்" என்றான். "நீயும் வர்ற, மாப்ள. அதுக்குள்ள தங்கச்சிகிட்ட நீ பேசறியா, நான் பேசட்டுமா?"